பெயர் அறியாக் கையின் ஓவியம்

இப்படத்தின் அச்சுப்பிரதி ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படித்தால் நலம். கிடைக்காவிடினும் கவலை இல்லை. இயன்றவரை சொல்லால் வரைந்து காட்டுகிறேன்.

அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய முதல் நூற்றாண்டில் தீட்டப்பட்ட உருவப்படங்களுள் எஞ்சியவை சிலவே. அவற்றுள் புகழ் மிக்கது எலிசபெத் ஃபிரீக் என்னும் பாஸ்டன் நகரப் பெண்மணி, தம் குழந்தை மேரியுடன் இருக்கும் படம். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் கலைக்கூடத்தில் இன்று அது உள்ளது. தீட்டியவர் தம் பெயரை எழுதிவைக்கவில்லை. ஆதலின் அறிஞர்கள், அவர் எழுதிய குடும்பங்களின் பெயராலேயே அவரைச் சுட்டுகின்றனர். தம்மை எழுதச் செய்தவர்களின் பெயர் நிலைத்தது. எழுதியவன் பெயர் நிலைக்கவில்லை!

முதற் பார்வையில் படம் தட்டையாகத் தோன்றும். முகத்தில் நிழல் இல்லை. மடிமீது நிற்கும் குழந்தை மரப்பாவை போல் விறைத்திருக்கிறது. இதைக் கண்டு, 'கைப்பழக்கம் போதாதவன்' என்று தள்ளிவிடுவோர் உண்டு. நான் அதை ஒப்பவில்லை. ஒளியையும் நிழலையும் கொண்டு உடலைத் திரட்டிக் காட்டும் முறை அப்போது இலண்டனில் பரவியிருந்தது. இவரோ, எலிசபெத் அரசி காலத்து ஆங்கில ஓவியரின் பழைய முறையைப் பின்பற்றினார். அம்முறைக்கு உடலின் திரட்சியைவிட ஆடையின் வேலைப்பாடே பெரிது. கழுத்துப்பட்டியின் பின்னல் வேலையை இழை இழையாகக் காட்டியிருக்கும் பொறுமையைப் பாருங்கள்! திறமை இல்லாதவன் கை அங்ஙனம் நடக்குமா?

அந்த ஆடையும் நமக்கு ஒரு செய்தி சொல்கிறது. பியூரிட்டன்கள் என்றால் கறுப்புடையும் கடுமுகமும் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். இப்பெண்மணியோ முத்துமாலையும் பொன் மோதிரமும் அணிந்து, சட்டைக் கைகளில் நாடா முடிச்சுகளோடு அமர்ந்திருக்கிறார். 1651இல் மாசசூசெட்ஸ் இயற்றிய ஒரு சட்டம், 200 பவுனுக்குக் குறைந்த சொத்துடையோர் பொன் வெள்ளிச் சரிகை அணியலாகாது என்றது. ஆடம்பரத்தை அது ஒழிக்கவில்லை. செல்வர்க்கு மட்டும் உரியதாக்கிற்று. கணவர் ஜான் ஃபிரீக் வணிகர், வசதி படைத்தவர். இத்தகைய ஓவியங்களை நாட்டார் கலை வரிசையில் சேர்க்கும் பழக்கம் இருபதாம் நூற்றாண்டினது. பாணியைப் பொறுத்தவரை அது பொருந்தலாம்; அமர்ந்திருப்பவர் எளிய நாட்டார் அல்லர் என்பதை மறக்கலாகாது.

இனி, கண்ணுக்குத் தெரியாத படம் ஒன்றைக் காண்போம். எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 1671இல் முதலில் தீட்டிய படத்தில் குழந்தையே இல்லை என்பது வெளிப்பட்டது. தாயின் கைகள் அப்போது மடிமேல் இருந்தன. 1674இல் மேரி பிறந்தாள். அவளுக்கு ஆறு மாதமானபோது ஓவியர் மீண்டும் அழைக்கப்பட்டார். புதுத்துணியில் வேறொரு படம் எழுதாமல், பழைய படத்திலேயே கைகளை மாற்றிக் குழந்தையை ஏந்தவைத்தார். அவளுடைய வயதையும் படத்திலேயே குறித்துவைத்தார். குழந்தை தாயை நோக்கிக் கை நீட்டுகிறது. தாயோ மூன்றாண்டுக்கு முன் பார்த்தபடியே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கணவரின் படமும் அதே கலைக்கூடத்தில் இணையாக உள்ளது. அதுவும் 1671இல் தொடங்கி 1674இல் திருத்தப்பட்டதே. மறு ஆண்டு, 1675இல், பாஸ்டன் துறைமுகத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் ஜான் ஃபிரீக் இறந்தார்.