சங்கக் காரியாலயப் பாடம்: மின்னஞ்சலும் தானே நடக்கும் வேலைகளும்

(காட்டேரிக்குப்பம் கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)



சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தால், அதைப் பிரித்து, தேதி முத்திரையிட்டு, வரவுத் தபால் பதிவேட்டில் எண் கொடுத்து, உரியவர் பார்வைக்கு வைப்பது நம் முன்னோர் ஏற்படுத்திய ஒழுங்கு. இன்று கடிதங்களில் பெரும்பகுதி மின்னஞ்சலாகவே வருகின்றன. தபால்காரர் வருகை குறைந்தது. அவரோடு பதிவேட்டு ஒழுங்கும் குறைந்துபோயிற்று. இதனால் விளையும் நஷ்டம் காரியதரிசியோடு நிற்பதன்று. அங்கத்தினர் வீட்டு அடுப்பு வரை எட்டுவதாகும்.

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். படிக்கப்படாத கடிதங்கள் 1,400-க்கும் மேல் இருந்தன. அவற்றினிடையே, கைத்தறித் துண்டுகளுக்கு விலை கேட்டு ஒரு நிறுவனம் எழுதிய கடிதமும் கிடந்தது. பதில் அனுப்ப வேண்டிய கடைசி நாள் கடந்து 11 நாட்கள் ஆகியிருந்தன. அன்று அச்சங்கத்தில் 6 தறிகள் பாவு ஏறாமல் நின்றன. காரியதரிசி சோம்பேறி அல்லர். நூல் கொடுப்பதும், கூலி போடுவதும், பாங்குக்குப் போவதும் அவர் ஒருவரே. குறை மனிதரிடத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளும் வகையே இம்மாதப் பாடம்.

தறியில் பிறந்த யோசனை

வேலையைத் தானாக நடத்தும் பொறி என்றவுடன், அது நமக்கு எட்டாத வித்தை என்று அங்கத்தினர் மலைக்க வேண்டுவதில்லை. அந்த யோசனை வளர்ந்த இடங்களில் தலையாயது தறியே. பிரான்சு தேசத்து லியோன் நகரில் பிறந்த ஜோசப் மரீ ஜக்கார்டு என்பவர், 1804-ஆம் ஆண்டில் தம் பெயரால் வழங்கும் தறியமைப்பை உருவாக்கினார். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி புகும். அதற்குரிய இழை மேலெழும். துளை இல்லாத இடத்தில் இழை எழாது. ஒருமுறை அட்டை குத்திவிட்டால், பூவேலை ஒவ்வொரு முறையும் அதே விதமாக விழும். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1837-ல் விவரித்த கணக்குப் பொறிக்கும், அமெரிக்காவில் 1890-ஆம் ஆண்டின் குடிக்கணக்கை விரைவாக எண்ணி முடித்த பொறிக்கும் துளையிட்ட அட்டைகளே ஆதாரம். இன்றைய கணிப்பொறி அந்த வழியில் வந்ததாகும்.

ஆகவே நெசவாளருக்கு இந்தத் தத்துவம் புதிதன்று. "இன்ன அடையாளம் உள்ள கடிதம் வந்தால், இன்னதைச் செய்" என்று மின்னஞ்சலுக்கு விதி எழுதி வைப்பதும் ஓர் அட்டை குத்துவதே. அட்டையில் ஒரு துளை பிசகினால் சேலை முழுவதும் அப்பிசகு திரும்பத் திரும்ப விழும் என்பதையும் நெசவாளர் அறிவார். இதை மனத்தில் இருத்துக. பின்னர் இதற்கே திரும்ப வருவோம்.

மின்னஞ்சலை ஒழுங்கு செய்யும் முறை

நம் சங்கங்களிற் பல ஜிமெயில் வைத்திருக்கின்றன. இது 2004 ஏப்ரலில் தொடங்கியது. 1996-ல் தோன்றிய ஸோகோ நிறுவனத்தாரின் மின்னஞ்சலை உபயோகிப்போரும் உளர். எதுவாயினும் முறை ஒன்றே.

1. கடிதங்களை ஐந்து வகையாகப் பிரிக்க: பாங்கு, அரசுத் துறை, நூலும் இடுபொருளும், விற்பனையும் ஆர்டரும், அங்கத்தினர் மனு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு உண்டாக்குக.

2. அனுப்புவோர் முகவரியைக் கொண்டு விதி எழுதுக. பாங்கின் முகவரியிலிருந்து வருவது தானே "பாங்கு" என்னும் சீட்டைப் பெறும். துறையின் கடிதத்துக்கு நட்சத்திரக் குறியும், ஸ்பாம் என்னும் குப்பைப் பெட்டிக்கு ஒருபோதும் அனுப்பாதே என்ற கட்டளையும் சேர்க்க.

3. குப்பைப் பெட்டியை வாரம் ஒருமுறை தவறாது பார்க்க. ஜிமெயிலில் அங்கே விழுந்த கடிதம் 30 நாட்களில் தானே அழிந்துவிடும். நல்ல ஆர்டரும் சிற்சில சமயம் அங்கே போய் விழுவதுண்டு.

4. திரும்பத் திரும்ப எழுதும் பதில்களுக்கு மாதிரி செய்து வைக்க. விலைப்பட்டியல் அனுப்புதல், சரக்கு அனுப்பியதைத் தெரிவித்தல் முதலியவை ஒருமுறை எழுதினால் போதும். தொகையும் தேதியும் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்புக.

5. நாள்முழுதும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டா. காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பார்த்தல் போதும். பார்க்கும்போது ஒவ்வொன்றையும் தீர்த்துவிடுக: பதில் எழுதுக, அல்லது வேலைப் பட்டியலில் தேதியோடு குறிக்க, அல்லது கோப்பில் சேர்க்க. "பிறகு பார்ப்போம்" என்று விட்ட கடிதமே 1,400 ஆகிறது.

இடத்தையும் கவனிக்க. ஜிமெயிலில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. அளவே. படங்களும் கோப்புகளும் அதிலேயே அடங்கும். அது நிரம்பிவிட்டால் புதிய கடிதம் வந்து சேராது. நிரம்பிய பத்தாயத்தில் மேலும் நெல் கொட்ட முடியாததைப் போல.

தேதிகளைப் பொறியிடம் ஒப்படைத்தல்

மனித ஞாபகம் எதை மறக்குமோ அதைப் பொறியிடம் ஒப்படைப்பதே புத்திசாலித்தனம். கைபேசியிலுள்ள நாட்காட்டியில் ஒருமுறை குறித்து, "மாதந்தோறும்" என்று கட்டளையிட்டால், அது மூன்று நாள் முன்னதாகவே அறிவிக்கும். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுக்கும் சங்கமாயின், 11-ஆம் தேதிக்கு ஆர்-1, 20-ஆம் தேதிக்கு 3-பி. பிடித்தம் செய்த வருமான வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டுக. மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. இவற்றைத் தவறவிட்டால் தாமதக் கட்டணமோ வட்டியோ சேரும். அது அங்கத்தினர் பங்காதாயத்திலிருந்து போகும் பணம் என்பதை நினைவிற் கொள்க.

விவசாயக் கடன் சங்கத்தார் கடன் தவணை நாளையும் இவ்வாறே குறிக்கலாம். மணிலாவோ நெல்லோ கரும்போ, அறுவடைக்கு முன்பே அங்கத்தினருக்கு ஒரு நினைவூட்டல் சென்றால், நாள் தவறிய வட்டிச் சுமை அவர் தலையில் ஏறாது. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க ரூ. 2,516 கோடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29-ல் ஒப்புதல் அளித்தது. பொறி வந்துவிடும், அதை ஆளும் பழக்கத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

பொறியிடம் ஒப்படைக்கலாகாதவை

இனி, அட்டைப் பிசகுக்கு வருவோம். விளம்பரக் கடிதங்களின் தொல்லை தாங்காத ஒரு குமாஸ்தா, "தள்ளுபடி" என்ற சொல் உள்ள கடிதங்களையெல்லாம் அழித்துவிடு என்று விதி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் ஒழியும், உண்மைதான். ஆனால் பொங்கல், தீபாவளிக் கைத்தறித் தள்ளுபடி பற்றிய சுற்றறிக்கையும் ஒழியும். கடன் தள்ளுபடி பற்றிய கடிதமும் ஒழியும். பொறி கட்டளையைப் பிசகாமல் நிறைவேற்றியது. பிசகு கட்டளையில் இருந்தது. ஆகையால் சொல்லைக் கொண்டு விதி எழுதுவதைவிட முகவரியைக் கொண்டு எழுதுவது மேல். அழிக்கும் விதியை ஒருபோதும் எழுதற்க. ஒதுக்கி வைக்கும் விதியே போதும். புதிய விதியை முதல் 15 நாட்கள் கூடவே இருந்து கவனிக்க.

பணம் சம்பந்தப்பட்ட எதையும் தானே நடக்க விடலாகாது. "எங்கள் பாங்குக் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதில் செலுத்துக" என்று நூல் வியாபாரி பெயரில் கடிதம் வந்தால், பதில் எழுதாமல், பழைய பில்லில் உள்ள தொலைபேசி எண்ணுக்குப் பேசி உறுதி செய்துகொள்க. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க. நேரம் போகப்போகப் பணம் மீளும் வாய்ப்புக் குறையும்.

பதில் கடிதத்தைத் தானே எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. வாக்கியம் அமைப்பதற்கு அவற்றின் உதவியைப் பெறலாம். ஆனால் தொகை, அளவு, தேதி, வாக்குறுதி ஆகிய நான்கையும் கையெழுத்திடுபவர் தம் கண்ணால் பார்த்த பின்னரே அனுப்புக. அங்கத்தினரின் தனி விவரங்களையும் கடன் கணக்கையும் அக்கருவிகளில் இடுதல் கூடாது.

கணக்கு யாருடையது?

பல சங்கங்களில் மின்னஞ்சல் கணக்கு பழைய காரியதரிசியின் கைபேசி எண்ணோடு கட்டுண்டு கிடக்கிறது. அவர் விலகினால் சங்கத்தின் கதவே அடைபட்டதாகும். மேலும், 2 ஆண்டுகள் திறக்கப்படாத தனிக் கணக்குகளை நீக்கிவிடுவது கூகுள் நிறுவனத்தாரின் விதி. ஆகவே கணக்கு சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் எண்ணிலும் இருத்தல் வேண்டும். இரண்டு கட்டச் சரிபார்ப்பு வேண்டும். கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்து இரும்புப் பெட்டியில் தலைவர் பொறுப்பில் வைக்க. பொறுப்பு மாறும்போது சாவிக்கொத்தோடு இதையும் ஒப்படைத்து, நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதுக.

ஒரு விஷயம் அங்கத்தினருக்கும் உண்டு. பொதுப்பேரவைக் கூட்டத்தில் வரவு செலவைக் கேட்பது போலவே, "சங்கத்துக்கு வந்த கடிதங்களுக்குப் பதில் போயிற்றா?" என்றும் கேளுங்கள். அக்கேள்வி குறை கூறுவதாகாது. ஒற்றை ஆளாய்ப் பாடுபடும் காரியதரிசிக்கு அது துணையாகும். அவருக்கு மிச்சமாகும் ஒரு மணி நேரம், நின்ற தறியில் பாவு ஏற்றும் ஆர்டரைத் தேடும் நேரமாக மாறட்டும்.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் சங்க மின்னஞ்சலில் படிக்கப்படாத கடிதங்கள் எத்தனை? அவற்றுள் கடைசி நாள் குறித்தவை எத்தனை?

2. ஐந்து பெயர்ச்சீட்டுகளுக்கும் ஐந்து விதிகளை எழுதி, நிர்வாகக் குழுவிடம் படித்துக் காட்டுக.

3. "தள்ளுபடி" என்ற சொல்லைப் போல், உங்கள் தொழிலில் இரு பொருள் தரும் வேறு சொற்கள் யாவை?

4. காரியதரிசி ஒரு வாரம் விடுப்பில் இருந்தால், சங்க மின்னஞ்சலைத் திறக்கக்கூடியவர் யார்?