தாத்தாவின் த்ரீ நாட் த்ரீ

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் இருக்கிறது. அந்தப் படை வீரர்களை ராணுவமே 'தம்பி' என்றுதான் கூப்பிடும். தாத்தா, அப்பா, மகன் என்று அங்கே வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. அந்த வீடுகளில் துப்பாக்கிப் பேச்சு வந்தால் அது த்ரீ நாட் த்ரீதான். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்ட். உலகெங்கும் பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடி அலையும் துப்பாக்கி. அதைப் பற்றி உலவும் பேச்சில் தவறுகள் பல. அவற்றில் ஒன்று ஆபத்தானது.

"1857-ல் சிப்பாய்கள் கடிக்க மறுத்த தோட்டா இதனுடையது" என்பார்கள். இல்லை. அது 1853 மாடல் என்ஃபீல்ட். குழல் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டிக்க வேண்டும். காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழிக்க வேண்டும். லீ-என்ஃபீல்ட் வந்தது 1895-ல். பித்தளைத் தோட்டாவில் கடிக்க எதுவும் இல்லை. இரண்டுக்கும் பெயர் தந்தது லண்டன் அருகே என்ஃபீல்டில் இருந்த அரசு ஆயுத ஆலை. 'லீ' என்பது போல்ட்டை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ.

புல்லட் பைக் கம்பெனிதான் இதையும் செய்தது என்பது இன்னொரு நம்பிக்கை. அதன் முன்னோடியான ரெட்டிச் நகரத்துச் சைக்கிள் கம்பெனி அந்த அரசு ஆலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தது. அந்தப் பெருமையில் தன் சைக்கிளுக்கு என்ஃபீல்ட் என்று பெயர் வைத்தது. அவ்வளவுதான் உறவு.

எனக்கு மனம் பொறுக்காதது, "இங்கிலாந்தில் செய்ததுதான் அசல், இச்சாப்பூர் சரக்கு மட்டம்" என்ற பேச்சு. வங்காளத்து இச்சாப்பூர் ஆலை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் துப்பாக்கி செய்த இடம். அதன் துப்பாக்கிகளில் குழலுக்கு அடியில் உள்ள கட்டையின் குறுக்கே ஒரு ஸ்குரூ இருக்கும். விரிசலுக்குப் போட்ட ஒட்டு என்று நினைத்து விலையைக் குறைப்பவர்கள் உண்டு. கட்டை பிளக்காமலிருக்க ஆலையே போட்ட வலுவூட்டல் அது. முன்பகுதியில் செம்புக்கம்பி சுற்றியிருந்தால் அதுவும் பழுதல்ல. கையெறிகுண்டை வீசப் பயன்படுத்தும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்கச் செய்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு இச்சாப்பூர் கொண்டுவந்த 2ஏ மாடலை, பழைய த்ரீ நாட் த்ரீயைத் துளை மாற்றிச் செய்தது என்பார்கள். அதுவும் தவறு. 7.62 தோட்டாவின் கூடுதல் அழுத்தத்துக்காக, மேம்பட்ட எஃகில் புதிதாகவே செய்தார்கள்.

இனி அந்த ஆபத்தான நம்பிக்கை: "பழசுதானே, உரிமம் எதற்கு?"

1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பழம்பொருளுக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு மட்டுமே அந்த விலக்கு. வயது கணக்கில்லை. எண்ணெய் போட்டால் இயங்கும் த்ரீ நாட் த்ரீ அதற்குள் வராது. போதாததற்கு, ராணுவத் தோட்டாவைச் சுடும் .303 ரைபிள் தடைசெய்யப்பட்ட துளையளவு. அதற்கு உரிமம் தரும் அதிகாரம் மாநகரக் காவல் ஆணையருக்குக்கூடக் கிடையாது. மத்திய உள்துறை அமைச்சகத்துக்கே உண்டு. இது காட்சிப்பொருள் அல்ல என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது: 2008 மும்பைத் தாக்குதலில் ரயில் நிலையத்துப் போலீசார் கையில் இருந்தது இதுதான். உத்தரப் பிரதேசப் போலீஸ் இதற்கு விடைகொடுத்தது 2020 குடியரசு தினத்தன்று.

'டி.பி.' முத்திரை குத்திய பயிற்சித் துப்பாக்கியையும் பொம்மை என்று எண்ணிவிடாதீர்கள். சுடத் தகுதியற்றது என்பதே அந்த முத்திரையின் பொருள். தோட்டா போட்டால் வெடிக்கவே வெடிக்காது என்று அது உத்தரவாதம் தரவில்லை. வெடித்தால் பிடித்திருப்பவர் முகத்துக்கே ஆபத்து.

தாத்தா காலமான பின் பரணில் இப்படி ஒன்று கிடைத்தால் போல்ட்டை இழுத்துப் பார்க்க வேண்டாம், துடைக்கவும் வேண்டாம், விலை விசாரிக்கவும் வேண்டாம். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். 21-வது பிரிவின்படி அங்கேயோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.