பத்து ரூபாய் நாணயமும் கேமராவும்

பத்து ரூபாய் நாணயத்தைச் செல்லாது என்று திருப்பும் வாடிக்கையாளரிடம் நாம் வாதாடிப் பயனில்லை. அன்றுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. ரூபாய்க் குறி இல்லாததும் அதில் அடக்கம். கல்லாவில் சேர்வதைப் பெரிதாகப் படமெடுத்து ஒட்டி வைப்போம்.

டிஜிட்டல் கேமராவில் பூப்படம் போட்ட அமைப்பே கிட்டத்தில் எடுப்பதற்கு. பிளாஷ் கூடவே கூடாது, உலோகம் வெள்ளையடித்துவிடும். ஜன்னலோரம் எடைக்கல்லில் நாணயத்தைச் சாய்த்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்தால் எழுத்தும் ஆண்டும் புடைத்துத் தெரியும். கை ஆடாதிருக்கக் கேமராவைத் துவரம்பருப்புப் பொட்டலத்தின்மேல் அமர்த்தி, 2 விநாடி டைமரில் எடுக்கலாம். (நம் கடையில் இதற்கா பஞ்சம்!) 27 மில்லிமீட்டர் நாணயத்தை மிக நெருங்கினால் கேமரா நிழலே மறைக்கும், சற்று விலகி எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.