காய்ச்சல் விட்டும் உடம்பு தேறலையா? அக்கா சொல்றதைக் கேளு!

சிக்குன்குனியாவோ கொரோனாவோ வந்து போய் மாசக்கணக்காச்சு. பிரஷ் பிடிக்க விரல் மடங்கலை. அம்பத்தூர் ஸ்டேஷன் படியேறினா மறுநாள் எழுந்திருக்க முடியலை. "எந்நேரமும் படுத்தே கிடக்கா"ன்னு வீட்டுல பேச்சு வேற.

இது சோம்பேறித்தனம் இல்லை, தங்கச்சி. 2006-ல தமிழ்நாட்டுல சிக்குன்குனியா பரவினப்போ, காய்ச்சல் விட்ட பிறகும் எத்தனையோ பேருக்கு மாசக்கணக்குல மூட்டு வலி நீடிச்சுது, சிலருக்கு வருஷக்கணக்குல. கொரோனாவுக்கு அப்புறம் நீடிக்கிற தொந்தரவையும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல வரையறுத்துச் சொல்லிடுச்சு. அதனால கூனிக்குறுகாம, வேலையை மாத்திச் செய்யக் கத்துக்கோ.

1. நல்லா இருக்கிற நாள்லதான் ஜாக்கிரதை. தெம்பு வந்ததும் ஒட்டடை, பெட்ஷீட், அலமாரின்னு எல்லாத்தையும் இழுத்துப் போடாதே. அது கந்துவட்டிக் கடன். இன்னைக்குச் செஞ்சதுக்கு நாளைக்கோ நாளன்னைக்கோ உடம்பு வசூல் பண்ணும். முடியும்னு தோணுறதுல பாதியோட நிறுத்து. களைச்ச பிறகு உட்காராதே, களைக்கிறதுக்கு முன்னாடியே உட்காரு.

2. சமையலறைக்கு ஒரு ஸ்டூல். காய் நறுக்க, சப்பாத்தி தேய்க்க நிக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. தரையில அரிவாள்மனை வேண்டாம், எழுந்திருக்கும்போது முட்டி கெஞ்சும். மாவைக் கடையில வாங்கு. யார் என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காதே.

3. தூக்காதே, பிழியாதே. லாரித் தண்ணியை முழுக்குடமா மாடிக்கு ஏத்தாதே. சின்ன பக்கெட்ல பாதி பாதியா, வீட்டுல இருக்கிறவங்களைத் தூக்கச் சொல்லு. துணி பிழியறது மணிக்கட்டுக்கு எதிரி. காலையில விரல் விறைச்சிருந்தா வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் வை. நுணுக்கமான வேலையை மதியத்துக்குத் தள்ளு.

4. மெடிக்கல் ஷாப் வைத்தியம் கூடாது. "வலிக்கு ஒரு செட் குடுங்க"ன்னு கேக்கிறதை இன்னையோட விடு. வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டா வயிறும் கிட்னியும் கெடும். அந்த செட்ல ஸ்டீராய்டு இருந்தா சுகர் ஏறும், எலும்பு தேயும். மூணு மாசம் தாண்டியும் மூட்டு வீங்குதுன்னா வாத நோய் டாக்டரைப் பாரு.

5. எல்லாத்தையும் வைரஸ் தலையில போடாதே. ரத்தசோகை, தைராய்டு, சுகர், பி12 குறைவுக்கும் இதே சோர்வு வரும். ஒரு தரம் டெஸ்ட் எடுத்துடு. நெஞ்சு வலி, மூச்சு முட்டல், மயக்கம் இருந்தா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடு.

6. உடற்பயிற்சியில வித்தியாசம் தெரிஞ்சுக்கோ. மூட்டு விறைப்பு மட்டும்தான்னா மெதுவா அசைக்கிறது நல்லது. உழைச்ச மறுநாள் சுருண்டு விழுறவளா இருந்தா, "தினமும் நடையைக் கூட்டு"ங்கிற அறிவுரை உனக்கு ஆகாது. பிரிட்டன்லயே நாள்பட்ட சோர்வு நோய்க்கான வழிகாட்டுதல்ல இருந்து அந்த முறையை 2021-ல எடுத்துட்டாங்க. வெளியே போக முடியலைன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளு. 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு.

7. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல வேலையா? இ.எஸ்.ஐ. காப்பீட்டை மறக்காதே. சந்தா நாள் கணக்கு சரியா இருந்தா, நோய் விடுப்புக்கு வருஷத்துல 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் கிடைக்கும். சொல்லாம லீவு போட்டுட்டு அப்புறம் அலையாதே. முதல் நாளே டிஸ்பென்சரிக்குப் போய் சர்டிபிகேட் வாங்கு.

8. ஒரு ஃபைல் போடு. ரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாம் தேதி வரிசையா. மூட்டு வீங்கின அன்னைக்கே போன்ல போட்டோ எடு. டாக்டரைப் பார்க்கிற அன்னைக்கு வீக்கம் வடிஞ்சிருக்கும். மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேக்கிறதா இருந்தாலும் இந்த ஃபைல் உதவும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு. அதுல வைரஸுக்குப் பிந்தைய சோர்வுன்னு தனியா ஒண்ணு இல்லை. ஆனா கை கால் அசைவு நிரந்தரமா குறைஞ்சிருந்தா அந்தக் கணக்குல மதிப்பிடுவாங்க. பெரும்பாலான சலுகைக்கு 40 சதவீதக் குறைபாடு இருக்கணும். ஆவடி, பூந்தமல்லின்னா திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் 2018-ல இருந்து சென்னை மாவட்டம். சான்றிதழுக்கு மாவட்டம் மாறி வேற ஆபீஸ்ல போய் நிக்காதே.

9. கொசுவுக்கு இடம் கொடுக்காதே. சிக்குன்குனியா திரும்ப வர்றது அபூர்வம். ஆனா அதே பகல் கொசுதான் டெங்குவையும் கொண்டுவரும், அதுல நாலு வகை இருக்கு. வாரம் ஒரு தரம் தண்ணி டிரம்மைக் காலி பண்ணி உள்பக்கச் சுவரைத் தேய்க்கச் சொல்லு. முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். அந்த வேலையை நீ செய்யாதே!

வீட்டுல இருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை: "இப்போ எப்படி இருக்கு?"ன்னு தினமும் கேக்கிறதை விட, அவ கேக்காமலே ஒரு குடம் தண்ணி ஏத்தி வையுங்க. நீயும், உதவி கேக்க வெக்கப்படாதே, தங்கச்சி. உடம்பு முடியாதப்போ கேட்டு வாங்கிக்கிறதும் பிழைக்கத் தெரிஞ்ச புத்திதான்.