மீட்டர் வால்விலிருந்து தொடங்கு

அன்புத் தங்கைக்கு,

வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. முப்பது வருஷத்து ஒற்றை மாடி வரிசை வீடு, எதை நானே பழுது பார்க்கலாம், எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். ஜொகூரின் குளுவாங்கில் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுக் குழாய்க்கும் கரண்டுக்கும் வருகிறேன்.

இந்த நகரத்தைச் சுற்றி ரப்பரும், பிறகு செம்பனையும் நின்ற தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது கம்பெனி வீடுகளில். கூரைத் தகரம் ஓட்டையானால் வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் சொல்ல வேண்டும். தண்டல் கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் கேட்பார், தோட்டத்துத் தச்சர் வந்து சேர நாளாகும். தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை 1966-ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பின் வந்த 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் வகுத்தன. வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்றன. கடமை அவருடையது, வீடும் அவருடையது. வேலை போனால் வீடும் போனது. கைவேலை தெரிந்தவர்கள் தோட்டத்தில் இல்லாமல் இல்லை. கோழிக்கூடும் கோயில் கொட்டகையும் அவர்கள் கட்டியவைதான். ஆனால் குடியிருக்கும் வீட்டின் சுவரிலும் குழாயிலும் கைவைக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளில் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள். நீயும் அதில் ஒருத்தி. பத்திரத்தில் பெயர் ஏறிவிட்டது. ஆனால் தண்ணீரை எங்கே அடைப்பது, கரண்டை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பத்து வருஷம் அதே வீட்டில் இருப்பவர்களும் உண்டு. நீ அப்படி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை நீளக் கடிதம்.

முதல் நாள் எந்தக் கருவியும் வேண்டாம். வாசல் பக்கம் தண்ணீர் மீட்டர் இருக்கும். அதையொட்டி இருக்கும் வால்வை அடைத்துத் திறந்து பார். நெடுநாள் தொடாத வால்வு இறுகியிருக்கும். பலமாகத் திருகினால் தண்டு ஒடிந்துவிடும், எனவே முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து இளக்கு. பிறகு வீட்டுக்குள் போய்க் குழாய்களைத் திற. சமையலறைக் குழாய் நின்றுவிடும். குளியலறையில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். பதற வேண்டாம். நம் நாட்டு வீடுகளில் சிலிங்குக்கு மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. பெரும்பாலும் சமையலறைக்கு மட்டும் மெயின் குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் வரும். குளியலறைக்கும் கழிப்பறைக்கும் தொட்டியிலிருந்து இறங்கும். தொட்டியின் அடியில் இன்னொரு வால்வு இருக்கும். இந்த இரண்டும் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவை. நள்ளிரவில் குழாய் வெடித்தால் இந்த ஒரு விவரம் போதும், வீடு நனையாமல் தப்பிக்கும்.

அடுத்து, கசிவைக் கண்டுபிடிக்கும் வேலை. இரவு படுக்கும் முன் தொட்டி நிரம்பியிருக்கிறதா பார். எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள். விடிந்ததும், யாரும் தண்ணீரைத் தொடும் முன், மறுபடி பார். எண் ஓடியிருந்தால் எங்கோ கசிகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது கழிப்பறைத் தொட்டியை. அதில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் தண்ணீர் இழுத்து விடாமல் காத்திரு. கோப்பையில் நிறம் இறங்கினால் அடியில் உள்ள ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை மாற்றக் கைகள் மட்டும் போதும். வீட்டுக்கு வெளியே சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாயிலிருந்து எந்நேரமும் சொட்டினால் மேல் தொட்டியின் மிதவை வால்வு பழுது.

சொட்டும் குழாயைச் சரிசெய்வது எளிது. தண்ணீரை அடைத்து, குழாயைத் திறந்து மிச்சத்தை வடித்துவிடு. கீழே சிங்க் ஓட்டையைத் துணியால் மூடு, திருகாணி உள்ளே விழுந்தால் வேலை இரட்டிப்பாகும். பல சுற்றுத் திருகும் பழைய வகைக் குழாயில் ரப்பர் வாஷர் இருக்கும். கால் சுற்றிலேயே அடைபடும் புதிய வகையில் பீங்கான் தட்டுள்ள உள்பாகம் இருக்கும். எதுவானாலும் கழற்றியதைக் கையோடு ஹார்ட்வேர் கடைக்குக் கொண்டு போ. வாயால் சொல்லி வாங்கினால் பாதி நேரம் அளவு தப்பும். குழாயையே மாற்றுவதானால் மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். மரையின் முனை உன்னைப் பார்த்தபடி இருக்க, கடிகார முள் போகும் திசையில் சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும்.

இந்தப் பொருள்களெல்லாம் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. 2005-இல் கோலாலம்பூரின் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் ஒரே கடையாகத் தொடங்கிய மிஸ்டர் டிஐஒய் நாடு முழுக்கப் பரவிவிட்டது. அங்கே அடுக்குகளில் தேடி எடுக்கலாம். ஆனால் பழைய ஹார்ட்வேர் கடையில் கல்லாவில் நிற்கும் பெரியவர், தேய்ந்த வாஷரைப் பார்த்ததுமே உன் வீட்டுக் குழாயின் வயதைச் சொல்லிவிடுவார். தொடக்கத்தில் அவரிடம் போவதுதான் நல்லது.

வீட்டு வேலையில் கடினமானது காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான். பழுது தெரியும் இடமும் அதன் காரணம் இருக்கும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. சிலிங்கில் கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்கும் என்று நினைக்காதே. ஓட்டின் வழியே நுழைந்த தண்ணீர் சாய்ந்த மரச்சட்டத்தின் மேல் ஓடி, எங்கோ தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். மழை பெய்யும்போதே டார்ச் லைட்டோடு சிலிங் வழியைத் திறந்து பார். ஈரக் கோடு மேலே எங்கே போகிறதோ அங்கே ஓட்டை. சட்டத்தின் மேல் மட்டும் கால் வை, சிலிங் பலகை ஆளைத் தாங்காது. கூரை மேல் ஏறுவதை மட்டும் ஆளிடம் விட்டுவிடு. கூரைக் கால்வாயில் அடைந்த இலையை ஏணியில் நின்றபடி நீயே அள்ளலாம்: ஏணி சாயும் உயரத்தில் ஒவ்வொரு நான்கு அடிக்கும் அடிப்பாகம் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்க வேண்டும், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டுக்காரருக்கு அபராதமும் உண்டு.

பழைய வீடு என்பதால் இன்னொன்று. சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடுகள் கூரையிலோ சிலிங்கிலோ இருந்தால் அவை அஸ்பெஸ்டாஸ் கலந்தவையாக இருக்கக்கூடும். அறுக்காதே, துளை போடாதே, தேய்க்காதே. முழுசாக இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. உடையும்போது கிளம்பும் நார்த் தூசிதான் நுரையீரலுக்குள் போய்ப் புற்றுநோய் உண்டாக்கும். அதைக் கழற்றும் வேலை அதற்கான ஆட்களுடையது.

உன் வீட்டின் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள் என்று படத்தில் பார்த்தேன். அந்த இடத்தில் சுவரில் மேலிருந்து கீழே ஒரு பிளவு ஓடுகிறதா? தாமான் வீடுகளில் மிகவும் சாதாரணமாகக் காணும் குறை இது. வீட்டுக்காரர் பிறகு சேர்த்த பகுதிக்கு முன்வீட்டைப் போல ஆழமான அஸ்திவாரம் பல சமயம் இருப்பதில்லை. மண் இறங்கும்போது புதுப் பகுதி மட்டும் இறங்குகிறது, இரண்டும் சேரும் இடத்தில் சுவர் பிரிகிறது. அதில் சிமெண்டைப் பூசினால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி வெடிக்கும், ஏனென்றால் சிமெண்டுக்கு வளையத் தெரியாது. முதலில் பிளவின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுது. சில மாதம் பார். கோட்டைத் தாண்டி நீளாவிட்டால், தூசியைச் சுரண்டி எடுத்து, இழுபடும் பாலியூரித்தேன் பசையால் அடை. மயிரிழை போன்ற பூச்சு வெடிப்புகளுக்குக் கவலைப்படாதே. பிளவு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் அகலமானாலோ, கதவு ஜன்னல் மூடாமல் இறுகினாலோ, பசையை வைத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடு. நீயும் ஏதாவது நீட்டிக் கட்ட நினைத்தால், 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி முதலில் குளுவாங் நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டோடு பங்குபோடும் சுவரை எக்காரணத்துக்கும் இடிக்காதே.

சுவரில் பெயிண்டு கொப்புளம் விட்டிருந்தாலும் இதே கதைதான். மேலே இன்னொரு கோட் அடிப்பது வீண் செலவு. ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விட்டு வை. தாளின் உள்பக்கம் ஈரம் கோத்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்பால் இருக்கும் குளியலறையைப் பார். வெளிப்பக்கம் ஈரமானால் அறையில் காற்றோட்டம் போதவில்லை.

கரண்டு விஷயத்தில் சட்டமே கோடு போட்டிருக்கிறது. சுவருக்குள் ஓடும் வயரிங்கைத் தொடும் உரிமை பதிவுபெற்ற வாயர்மேனுக்குத்தான். இதில் மனத்தாங்கல் வேண்டாம், அந்தக் கோடு உயிரைக் காக்கப் போட்டது. கோட்டுக்கு இப்பால் உனக்கு நிறைய வேலை இருக்கிறது. டிபி பெட்டியைத் திறந்தால் "டெஸ்ட்" என்று எழுதிய சிறு பட்டன் உள்ள ஒரு கருவி தெரியும். கசியும் கரண்டைக் கண்டுபிடித்து அறுத்துவிடும் கருவி அது. மாதம் ஒருமுறை அந்தப் பட்டனை அமுக்கு. உடனே விழ வேண்டும்; விழாவிட்டால் அன்றே வாயர்மேனைக் கூப்பிடு. 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள் மூன்று அளவு சொல்கின்றன: பொதுவாக 100 மில்லி ஆம்பியர், கையில் பிடித்து வேலை செய்யும் சாதனங்கள் உள்ள இடத்துக்கு 30, தரை ஈரமாகும் இடத்துக்கு 10. பழைய வீடுகள் பலவற்றில் 100 மட்டும்தான் இருக்கும். குளியலறையில் வாட்டர் ஹீட்டர் இருந்தால், அதற்குத் தனியாக 10 போட்டிருக்கிறதா என்று வாயர்மேனைப் பார்க்கச் சொல். புது வீட்டுச் செலவுகளில் இதை முதலில் செய், திரைச்சீலை பிறகு வாங்கலாம்.

பிளக் மாட்டுவது உன் அண்ணன்மார் நாங்கள் பள்ளியில் கெமாஹிரான் ஹிடுப் (வாழ்க்கைத் திறன்) பாடத்தில் படித்தது. நீயும் பழகிக்கொள். பிளக்கைத் திறந்து, நீளக் கால் மேலே வர வைத்தால், பழுப்பு வயர் வலப்பக்கம் ஃபியூஸ் இருக்கும் இடத்துக்கு, நீலம் இடப்பக்கம், பச்சை மஞ்சள் மேலே. பச்சை மஞ்சள் வயரைக் கொஞ்சம் நீளமாக விடு: யாராவது வயரைப் பிடித்து இழுத்தாலும் அது கடைசியில்தான் கழலும். 230 வோல்ட், 13 ஆம்பியர் என்றால் ஒரு பிளக் தாங்குவது சுமார் 3,000 வாட். கெட்டிலும் அயன் பெட்டியும் ஒரே எக்ஸ்டென்ஷனில் ஓடினால் அந்த அளவு தாண்டிவிடும்.

கரையான் நம் ஊருக்கு அந்நியம் இல்லை. உயிருள்ள ரப்பர் மரத்தையே தின்னும் கோப்டோடெர்மஸ் கர்விக்னாதஸ் என்ற இனம் இந்த மண்ணுக்குப் பழையது. வீடுகளில் பெரும்பாலும் சேதம் செய்வது அதன் உறவான கோப்டோடெர்மஸ் ஜெஸ்ட்ராய். பென்சில் அகலத்தில் மண் கோடு சுவரில் ஏறினால் உடைக்காதே, மருந்தும் அடிக்காதே. கலைத்தால் வேறு வழியில் போய்விடும், பூச்சிக்கட்டுப்பாட்டு ஆள் வைக்கும் இரை அவற்றின் கூட்டுக்குப் போய்ச் சேராது. படம் எடுத்து அவரிடம் காட்டு. மேசை நாற்காலியிலிருந்து மாவு போலத் தூள் கொட்டினால் அது கரையான் இல்லை, வண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் வண்டுக்குப் பிடிக்கும். போரான் மருந்து ஏற்றிய பலகைதானா என்று வாங்கும்போதே கேள்.

வெள்ளத்தைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் வந்த வெள்ளம் குளுவாங்கையும் விடவில்லை, 2023 மார்ச்சிலும் வந்தது. தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வெளியேறு. தரையில் தண்ணீர் நிற்கும்போது டிபி பெட்டியைத் தொடாதே. வடிந்த பிறகு வாயர்மேன் பார்க்காமல் சுவிட்சைப் போடாதே. சேற்றைக் கழுவும்போது பிளீச்சையும் கழிப்பறை ஆசிடையும் சேர்க்காதே, குளோரின் வாயு கிளம்பும். சுவர் உள்வரைக்கும் காய மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பெயிண்டு அடிக்காதே.

புதிதாகக் கட்டிய வீடு வாங்கும் உன் தோழிக்கு ஒன்று சொல். சாவி வாங்கியதிலிருந்து 24 மாதம்வரை கட்டுமானக் குறைகளை மேம்பாட்டாளர்தான் சரிசெய்ய வேண்டும். எழுத்தில் புகார் கொடுத்தால் 30 நாள் கெடு. அந்தக் காலத்தில் தானே உடைத்துப் பூசத் தொடங்கினால், குறை யாருடையது என்ற தகராறுதான் மிஞ்சும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வை. வால்வு இருக்கும் இடம், பெயிண்டு எண், பிளவில் எழுதிய தேதிகள், வாயர்மேன் தொலைபேசி, மாற்றிய சாமானின் அளவு எல்லாம் அதில் எழுது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஏணி போட உலர்ந்த நாள் கிடைப்பது கஷ்டம், அதனால் அக்டோபர் முடிவதற்குள் கூரைக் கால்வாயைச் சுத்தம் செய்து, சிலிங்குக்கு மேல் ஏறிப் பார்த்துவிடு. பார்த்ததைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்