மோட்டார் ஏன் இடறுகிறது?

கேள்வி: பட்டறையில் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ்சிஎன்சி போட்டு, பேரலல் போர்ட் வழியாக மில்லிங் மெஷினை ஓட்டுகிறோம். ‘அன்எக்ஸ்பெக்டெட் ரியல்டைம் டிலே’ என்று ஒரு பிழைச் செய்தி வருகிறது. சில நேரம் அளவும் தப்புகிறது. மெஷினில் கோளாறா?

பதில்: முதலில் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படுங்கள். ஸ்டெப்பர் மோட்டாருக்கான பல்ஸ்களை அதுதான் நேரம் தவறாமல் அனுப்ப வேண்டும். தாமதமானால் மோட்டார் ஸ்டெப்பை விட்டுவிடலாம். மோட்டார் எவ்வளவு நகர்ந்தது என்று திருப்பிச் சொல்லும் என்கோடர் இல்லாததால் மென்பொருளுக்கு அது தெரியவே தெரியாது. அந்தப் பிழைச் செய்தி, லினக்ஸ்சிஎன்சியை ஒருமுறை திறந்து ஓட்டும்போது ஒரு தடவைதான் வரும். மறுபடி வரவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள்.

லினக்ஸ்சிஎன்சியை மூடிவிட்டு ‘லேட்டன்சி டெஸ்ட்’டை ஓடவிடுங்கள். கூடவே பெரிய ஃபைல்களை காப்பி செய்யுங்கள், விண்டோக்களை இழுத்து நகர்த்துங்கள். சில நிமிடம் கழித்து பேஸ் த்ரெட் வரியில் ‘மேக்ஸ் ஜிட்டர்’, அதாவது நேரம் அதிகபட்சம் எவ்வளவு பிசகியது என்று பாருங்கள். 20,000 நானோசெகண்டுக்குள் இருந்தால் அருமை. 50,000 வரை ஓட்டலாம், வேகம் குறையும். 1,00,000 தாண்டினால் கம்ப்யூட்டரே பல்ஸ் அனுப்பும் இந்த முறைக்கு அது சரிப்படாது.

எண் அதிகமென்றால் பயாஸில் ஹைப்பர்த்ரெடிங்கையும் மின்சிக்கன வசதிகளையும் அணையுங்கள். போர்டிலேயே உள்ள கிராபிக்ஸுக்குப் பதில் தனி கார்டு போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் டெஸ்ட் ஓட்டுங்கள். கிடைத்த எண்ணை லினக்ஸ்சிஎன்சியின் அமைப்புக் கருவியான ஸ்டெப்கான்ஃபில் கொடுத்து அமைப்பைப் புதுப்பியுங்கள்.

எதற்கும் மசியவில்லையா? பல்ஸ் உருவாக்கும் வேலையைத் தானே செய்யும் மெசா கார்டு வாங்கிவிடுங்கள்.