படிப்புச் செலவில் விட்டுப்போன கணக்கு



பெண்ணைக் காலேஜில் சேர்க்க யோசிக்கும்போது நாம் ஃபீஸை மட்டும்தான் கணக்குப் போடுகிறோம். அவள் வேலைக்குப் போனால் வரும் சம்பளம் நின்னு போகுமே, அதுவும் செலவுதான். ஏழை வீட்டுப் பெண்கள் பலர் படிப்பை நிறுத்துவது இதனால்தான்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஓர் இடம் வங்கதேசத்தில் இருக்கிறது. சிட்டகாங் நகரில் 2008-ல் தொடங்கிய ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம். தனியார் நடத்துவது, பெண்களுக்கு மட்டுமே. 2016-ல் இவர்கள் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தைக்கும் பெண்களைத் தேர்வு வைத்துச் சேர்த்தார்கள். மூன்று தடைகளை விலக்கினார்கள்.

1. கட்டணம்: படிப்புச் செலவும் ஹாஸ்டல் செலவும் உதவித்தொகையில்.

2. சம்பளம்: படிக்கும் காலத்திலும் மாதச் சம்பளம் தர கம்பெனிகளைச் சம்மதிக்க வைத்தார்கள். அதனால் வீட்டுக்குப் பணம் போவது நிற்கவில்லை.

3. பாடம்: அங்கே எல்லாம் இங்கிலீஷில்தான். அதனால் முதலில் இங்கிலீஷ், கணக்குக்கு ஆயத்த வகுப்பு. பிறகுதான் பட்டப்படிப்பு.

இப்படிச் சேர்ந்தவர்களில் பட்டம் வாங்கியவர்களும் உண்டு. இவர்களிடம் திறமை முன்பே இருந்தது, வழிதான் இல்லை. பின்னாளில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்களும், ரோஹிங்கியா அகதிப் பெண்களும் இதே வழியில் சேர்ந்தார்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்:

• பன்னிரண்டாவது முடிச்சு வீட்டில் நிற்கும் பெண்கள் நம் குழுக் குடும்பங்களில் எத்தனை பேர்?

• ஒவ்வொருவருக்கும் தடை எது? கட்டணமா, சம்பளமா, பாடமா?

• அதில் நம் குழுக்கடனால் தீர்வது எது? கூட்டமைப்பிடம் கேட்க வேண்டியது எது?

பெயர் வாரியாகத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.